பே ஏரியாவில் இவ்வளவு கொட்டிக்கொடுத்து இருக்கத்தான் வேண்டுமா?

வாசகர் கேள்வி: 2025 ஜூன் 7

வட கரோலினாவில் ராலே பக்கம், கேரியில் இருக்கிறோம். நான்கு படுக்கையறை வீடு, 2021இல் 2.9% வட்டிக்கு வாங்கியது. வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து மாதம் 2,300 டாலர் போகிறது. என் வருடச் சம்பளம் 1,45,000 டாலர். பே ஏரியாவில், அதாவது கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றிய வட்டாரத்தில், சான்டா கிளாரா ஊர்க் கம்பெனி ஒன்று 2,05,000 தருகிறேன் என்கிறது. இன்னும் ஹெச்-1பி, அதாவது கம்பெனி மூலம் வரும் வேலை விசாதான். மனைவி என் விசாவைச் சார்ந்த ஹெச்-4 அனுமதியில் வேலை பார்க்கிறார். பெண் இரண்டாம் வகுப்பு. கடற்கரை, நல்ல வானிலை என்று எல்லாரும் ஆசை காட்டுகிறார்கள். அதற்காக இவ்வளவு கொடுக்கலாமா? அங்கே இருப்பவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஜூன் 7, இரவு

கடற்கரையை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். நான் தூத்துக்குடிக்காரன், இப்போது பே ஏரியாவில் பிரிமான்ட் ஊரில் வாடகைக்கு இருக்கிறேன். இங்கே பசிபிக் தண்ணீர் வருடம் முழுக்க 11 முதல் 15 டிகிரிதான். முழங்கால் வரை இறங்கினாலே கால் மரத்துப்போகும். பிள்ளைகளைக் குளிக்க விட முடியாது. ராட்சத அலை திடீரென்று வந்து இழுக்கும் என்று எச்சரிக்கைப் பலகை வேறு. ஞாயிறு மதியம் ஹாஃப் மூன் பே போகலாம் என்று 92ஆம் நெடுஞ்சாலையில் ஏறினால், அங்கே காரை நிறுத்துவதற்குள் பனிமூட்டம் இறங்கிவிடும். ஜாக்கெட் போட்டுக்கொண்டு கடல் பார்க்கும் ஊர் இது.

கடலுக்கு யாரும் காசு வாங்குவதும் இல்லை. அலை நனைக்கும் மணல் கலிபோர்னியாவில் பொதுச்சொத்து. அங்கே போய்வரும் வழியை அடைக்காமல் பார்த்துக்கொள்ள 1976இலிருந்து தனிச் சட்டமும் ஆணையமும் இருக்கின்றன. கடலிலிருந்து தள்ளி சாக்ரமென்டோவில் குடியிருப்பவரும் வந்து கால் நனைத்துவிட்டுப் போகலாம்.

அப்படியென்றால் நாம் கொடுப்பது எதற்கு? நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

ஜூன் 8

உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். மனைவிக்கு அங்கேயும் இங்கேயும் 80,000 என்று வைத்துக்கொண்டேன்.

சம்பள உயர்வு 60,000. அதில் மத்திய வருமான வரி 24% வீதம் 14,400 போகும். சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) என்று இன்னொரு 2,800. அடுத்தது மாநில வரி. வட கரோலினாவில் 2025இல் எல்லாருக்கும் ஒரே 4.25%. இங்கே அதே வருடம் உங்கள் இருவர் வருமானத்தின் மேல் அடுக்குக்கு 9.3%, அதற்கு மேல் சம்பளத்தில் 1.2% ஊனக் காப்பீட்டுப் பிடித்தம். இரண்டு மாநிலத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் 13,000 டாலருக்கு மேல் வருகிறது. கடைசியில் கையில் நிற்பது 30,000க்குக் கொஞ்சம் குறைவு. மாதம் 2,400 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வாடகை. என் இரண்டு படுக்கையறை அப்பார்ட்மென்ட்டுக்கு 3,350 கொடுக்கிறேன். கேரியில் இருப்பதுபோல நான்கு அறை வீடு வேண்டுமென்றால் பிரிமான்ட்டில் 4,800க்குக் கீழே தேட வேண்டாம். அதாவது இதே அளவு வீடு வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால் 60,000 டாலர் உயர்வு முழுவதும் ஆவியாகிவிடும். என்னைப்போல இரண்டு அறையைக் குறைத்துக்கொண்டு, வாஷிங் மெஷினை மாடிப்படிக்குக் கீழே பக்கத்து வீட்டாரோடு பங்கிட்டுக்கொண்டால் மாதம் ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சும்.

மனைவிக்கு இங்கே வேலை அமையவில்லை என்றால் இந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

ஜூன் 10

டாலஸ் நண்பர் ஒருவர் ‘வருமான வரியே இல்லாத மாநிலத்தை விட்டுவிட்டு யார் அங்கே போவார்கள்’ என்று எழுதியிருக்கிறார். டெக்சாஸில் வருமான வரி இல்லை, உண்மை. ஆனால் ஃபிரிஸ்கோவில் 7 லட்சம் டாலர் வீடு வாங்கியவர் ஏறத்தாழ 2% சொத்து வரி கட்டுகிறார். வருடம் 14,000. தம்பதியாக இரண்டரை லட்சம் சம்பாதிப்பவர் கலிபோர்னியாவுக்குக் கட்டும் வருமான வரி சுமார் 15,000. இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகப்போகிறது. வேலை போனால் வருமான வரி நின்றுவிடும். சொத்து வரி நிற்காது. அதை அவர் சொல்லவில்லை.

இங்கே வீடும் வாங்கினால் இரண்டு வரியும் சேர்ந்து விழும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவர் மறுபடி வருவார்.

ஜூன் 14

நீளமாக எழுதப்போகிறேன். என் பக்கத்து வாதம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

2023 தொடக்கத்தில் எனக்கு வேலை போனது. கம்பெனி பெயர் வேண்டாம். காலையில் லேப்டாப் திறக்கவில்லை, சொந்த மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது, அவ்வளவுதான். ஹெச்-1பியில் இருப்பவருக்கு வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் இன்னொரு கம்பெனி மனு போட வேண்டும், அல்லது விசா வகையை மாற்ற வேண்டும், அல்லது மூட்டை கட்ட வேண்டும். என் கிரீன் கார்டு வரிசைத் தேதி 2014. இந்தியர்களுக்கான இபி-2, அதாவது மேல்படிப்புப் படித்தவர்களுக்கான கிரீன் கார்டு வரிசை, 2025 ஜூனிலும் 2013 தொடக்கத்திலேயே நின்றது. வரிசையில் இத்தனை காலம் நின்ற பிறகு ஒரு கடிதத்தால் எல்லாம் போய்விடுமோ என்று பயந்த வாரங்கள் அவை.

அந்த வாரங்களில் நான் ஒரு நேர்காணலுக்கும் விமானம் ஏறவில்லை. சன்னிவேல், பிளசன்டன், சான் ஹோசே, ஒரு தடவை பாலோ ஆல்டோ. எல்லாம் கார் ஓட்டும் தூரம். பையன் அதே பள்ளிக்குப் போனான். மனைவி அதே வேலைக்குப் போனார், தெற்கு சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மருந்து ஆய்வுக் கம்பெனி. ஜெனன்டெக் 1976இல் ஆரம்பித்ததிலிருந்து அந்தத் துறை அங்கே வேர்பிடித்துவிட்டது, சுற்றுவட்டாரத்தில் அவர் படிப்புக்கு எங்கு வேண்டுமானாலும் தாவலாம். வேறு ஊராக இருந்து எனக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தால், அவர் வேலையை விட்டிருக்க வேண்டும், இல்லை நாங்கள் இரண்டு குடித்தனமாகப் பிரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. போட்டிக் கம்பெனிக்குப் போகக்கூடாது என்று வேலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினாலும் கலிபோர்னியாவில் அது செல்லாது. 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இப்படி. வெள்ளிக்கிழமை ஒரு இடத்தில் விட்டுவிட்டுத் திங்கட்கிழமை எதிர்க் கட்டடத்தில் சேரலாம். பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு அளவுக்கு இது செல்லும்.

ஆக, நான் மாதாமாதம் கூடுதலாகக் கொடுக்கும் வாடகை எனக்கு ஒரு காப்பீட்டுப் பிரீமியம். கடலுக்கோ வெயிலுக்கோ கொடுப்பதில்லை. வேலை போனால் அடுத்த வேலை பக்கத்திலேயே இருப்பதற்குக் கொடுப்பது. விசா கையில் உள்ளவரைக்கும் அது எனக்குக் கட்டுபடியாகிறது.

ஜூன் 15

‘எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேலை போனால் உங்கள் பிரீமியம் எங்கே போகும்’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் அனுப்பின. நான் தேடியபோது ஒவ்வொரு இடத்துக்கும் அவர்களும் வரிசையில் இருந்தார்கள். எனக்குக் கிடைத்தது மருத்துவக் கருவி செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனி, சம்பளம் முந்தையதைவிடக் குறைவு. கம்பெனிப் பங்கு எதுவும் கிடையாது. பிழைத்தேன், அவ்வளவுதான். நேற்று எழுதியதில் கொஞ்சம் வீரம் தூக்கலாக இருந்தது.

இருந்தாலும் இந்த மாதிரிக் கம்பெனிகள் ஓட்டும் தூரத்தில் நூற்றுக்கணக்கில் இருந்ததால்தான் அதுவாவது கிடைத்தது.

ஜூன் 22

வாடகை ஒரு கதை, வாங்குவது வேறு கதை. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். இங்கே இருப்பது எனக்குக் கட்டுபடியாகிறது. இங்கே வாங்குவது இன்றைய விலையில் எனக்குக் கட்டுபடியாகவில்லை.

சான் ஹோசே வட்டாரத்தில் தனி வீட்டின் நடுமட்ட விலை 2024இல் 20 லட்சம் டாலரைத் தாண்டியது. நாட்டிலேயே அந்த எல்லையைத் தொட்ட முதல் பெருநகர வட்டாரம். நான் பார்த்த வீடு அதைவிடச் சல்லிசு, 18 லட்சம். 1950களில் கட்டிய ஒற்றைத் தளம், 1,300 சதுர அடி, குளியலறையில் அதே பழைய இளஞ்சிவப்பு ஓடு. 20% முன்பணம் 3,60,000. மீதி 14,40,000க்கு 6.75% வட்டியில் மாதத் தவணை 9,340. சொத்து வரி 1.2% வீதம் மாதம் 1,800. காப்பீடு சேர்த்தால் 11,300. அதே தெருவில் அதே மாதிரி வீட்டுக்கு வாடகை 4,500. முதல் மாதத் தவணையில் அசலுக்குப் போவது 1,240 டாலர் அளவுதான், மிச்சம் 8,100 வட்டி.

இதில் வயிற்றெரிச்சல் எங்கே என்றால் சொத்து வரியில். 1978இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த பிராப்பசிஷன் 13படி, அடிப்படை வரி 1%, வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 2%க்கு மேல் ஏறக்கூடாது. விற்றால்தான் சந்தை விலைக்கு மாறும். பக்கத்து வீட்டுக்காரர் 1985இல் 1,50,000க்கு வாங்கியிருந்தால், 40 வருடம் முழு 2% ஏறினாலும் மதிப்பு 3,31,000தான். அவர் வரி சுமார் 4,000. நான் வாங்கினால் 21,600. ஒரே சாக்கடை, ஒரே தீயணைப்பு வண்டி, ஒரே பள்ளிக்கூடம். வந்த வருடத்தைப் பொறுத்து ஐந்து மடங்கு வித்தியாசம்.

விற்றால் அந்தச் சலுகை போய்விடும் என்பதால் பலர் விற்பதே இல்லை. பிள்ளைகள் போன பிறகும் நான்கு அறை வீட்டில் இரண்டு பேர். வாரிசுகளும் அப்பா காலத்து வரியையே கட்டிக்கொண்டு வீட்டை வாடகைக்கு விட்டார்கள். 2020இல் வந்த பிராப்பசிஷன் 19 அதை ஓரளவு நிறுத்தியது, இப்போது பிள்ளைகள் அந்த வீட்டிலேயே குடியிருந்தால்தான் சலுகை, அதற்கும் வரம்பு உண்டு. சந்தைக்கு வரும் வீடு குறைவு, வாங்க நிற்பவர் அதிகம், விலை அப்படித்தான் இருக்கும்.

ஜூன் 22, இரவு

‘வாங்காமல் இருந்தால் விலை ஏற்றத்தைத் தவறவிடுவீர்களே’ என்கிறார் ஒருவர். இருக்கலாம். அந்த 3,60,000 சும்மா படுத்துக்கிடப்பதில்லை, பங்குச்சந்தை இன்டெக்ஸ் ஃபண்டில் இருக்கிறது. மாதம் 6,800 வித்தியாசமும் ஒழுங்காக அங்கே போனால் கணக்கு நமக்குச் சாதகம். ஒழுங்காகப் போனால். டிசம்பரில் ஊருக்கு நான்கு டிக்கெட் எடுக்கும் மாதம் அது போவதில்லை.

ஜூலை 6

புதுச் செய்தி. நான்காம் தேதி கையெழுத்தான வரிச் சட்டத்தில், மத்திய வரிக்கான வருமானத்திலிருந்து மாநில வரியும் சொத்து வரியும் சேர்த்துக் கழிக்கும் உச்சவரம்பு 10,000இலிருந்து 40,000 ஆகிறது, இந்த வருடத்திலிருந்தே. 2018 முதல் நம்மைக் கடித்த வரம்பு இது. மேலே சொன்ன 18 லட்சம் வீட்டை வாங்கி, தம்பதியாக 4 லட்சம் சம்பாதிப்பவருக்கு இதனால் வருடம் 7,000 டாலர் அளவு மிச்சம். மாதம் 600. பதினோராயிரத்தில் அறுநூறு. வீட்டு ஏஜென்டுகள் இதற்குள் வாட்ஸாப்பில் பட்டாசு கொளுத்திவிட்டார்கள். 2030இல் வரம்பு மறுபடி 10,000க்கே இறங்குகிறது என்பதை அவர்கள் அனுப்பும் படத்தில் காணோம்.

ஜூன் 30 அன்று ஆளுநர் நியூசம் கையெழுத்திட்ட இன்னொரு சட்டம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நகரத்துக்குள் காலியிடத்தில் கட்டும் பெரும்பாலான குடியிருப்புகளுக்கு, 1970ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டப்படி நடக்கும் ஆய்விலிருந்து விலக்கு. அந்த ஆய்வைக் காட்டி வழக்குப் போட்டே கட்டடங்களை வருடக்கணக்கில் நிறுத்துவார்கள். வீடுகள் எழும்பி வாடகை இறங்க எத்தனை காலம் ஆகுமோ, நம் பிள்ளைகள் காலத்துக்காவது ஆகட்டும்.

ஜூலை 13

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். வானிலைக்குக் காசு கொடுப்பது வீண் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். மாமனார் மாமியார் வந்த பிறகு அந்த எண்ணம் ஆட்டம் கண்டிருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து ஏப்ரலில் வந்தார்கள். நடுவில் ஒரு மாதம் மச்சினன் வீட்டுக்கு ஃபிரிஸ்கோ போனார்கள். பெரிய வீடு, கீழ்த்தளத்தில் அவர்களுக்கென்று தனி அறை, கோயிலும் பக்கம். ஆனால் வெளியே 38 டிகிரி. காலை எட்டு மணிக்குள் நடந்துவிட்டு உள்ளே வந்தால், மறுநாள் காலைதான் மறுபடி வாசல். தெருவில் ஆள் கிடையாது. மாமியார் போனில், வீடு அரண்மனை மாதிரி இருக்கிறது, பேசத்தான் ஆள் இல்லை என்றார்.

இங்கே மாலை ஐந்து மணிக்கு எலிசபெத் ஏரிக்கரைக்குப் போனால் பாதி தென்னிந்தியா அங்கே நடக்கிறது. மாமனாருக்கு ஒரே வாரத்தில் கூட்டாளிகள் சேர்ந்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர், ஒரு தலைமையாசிரியர், குண்டூர்க்காரர் ஒருவர். யார் எந்த வருடம் எவ்வளவுக்கு வீடு வாங்கினார் என்பது அவருக்கு அத்துப்படி. ஒருநாள் சாப்பிடும்போது, “மாப்பிள்ளை, அவரோட பையன் 1998ல 3 லட்சத்துக்கு வாங்கினாராம். இன்னிக்கு 20 லட்சமாம். நீங்க அப்போ என்ன செஞ்சிட்டிருந்தீங்க?” என்றார்.

“ஒன்பதாம் வகுப்பு மாமா” என்றேன்.

அம்மா அப்பாவை ஆறு மாதம் கூட வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். மளிகை, முருங்கைக்கீரை, ஞாயிறு தமிழ்ப் பள்ளி இதையெல்லாம் காரணமாகச் சொல்லாதீர்கள். டாலஸிலும் ராலேயிலும் இப்போது எல்லாம் கிடைக்கிறது.

ஜூலை 14

வானிலையைப் புகழ்ந்ததும் ஒருவர் 2020 செப்டம்பர் 9ஆம் தேதி எடுத்த படத்தைப் போட்டுவிட்டார். காட்டுத்தீப் புகையில் வானம் பகலெல்லாம் ஆரஞ்சு நிறமாக இருந்த நாள். சரி, ஒப்புக்கொள்கிறேன். காற்று வடிகட்டி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ்காரர்கள் 2021 பிப்ரவரியில் மின்சாரமில்லாமல் உறைந்ததை நான் பதிலுக்குப் போடப்போவதில்லை. (போட்டுவிட்டேன்.)

ஜூலை 19

நிலநடுக்கம் பற்றி இன்னும் யாரும் கேட்கவில்லை. ஹேவர்ட் பிளவு பிரிமான்ட்டின் ஊடாகவே ஓடுகிறது. கடைசியாகப் பெரிதாக அசைந்தது 1868இல். 2014 முதல் 2043 வரையிலான 30 ஆண்டில் இந்த வட்டாரத்தில் 6.7 அல்லது அதற்கு மேல் ஒரு நடுக்கமாவது வர 72% வாய்ப்பு என்பது அமெரிக்க நிலவியல் துறையின் மதிப்பீடு. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கம் அடங்காது. தனியாக எடுத்தாலும் வீட்டு மதிப்பில் 5 முதல் 25% வரை முதலில் நம் கையைவிட்டுத்தான் போக வேண்டும். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் எடுப்பதில்லை. வாடகைக்காரனான எனக்கு டிவியும் அலமாரியும்தான் நட்டம், உயிர் பிழைத்தால்.

ஜூலை 27

மவுன்டன் ஹவுஸில் வீடு வாங்கலாமா என்று கேட்டவருக்கு. 580ஆம் சாலையில் கிழக்கே ஆல்டமான்ட் கணவாயைத் தாண்டினால் வரும் ஊர், 2024இல்தான் நகராட்சி ஆனது. பிரிமான்ட் விலையில் ஏறத்தாழ பாதிக்குப் புது வீடு கிடைக்கும். மெல்லோ-ரூஸ் என்று 1982 சட்டப்படி விழும் கூடுதல் வரி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில புதுக் குடியிருப்புகளில் மொத்தச் சொத்து வரி 1.6%ஐத் தாண்டிவிடும்.

என்னோடு வேலை பார்ப்பவர் அங்கே வாங்கினார். விடியுமுன் கிளம்பிப் பக்கத்து ஊரான டிரேசியில் ரயில் பிடிக்கிறார், கணவாய் தாண்டி இந்தப் பக்கம் வந்து சேர ஏழாகிறது. வீடு அழகு, அவர் அதைப் பார்ப்பது சனி, ஞாயிறு மட்டும். பே ஏரியா விலைக்குப் பயந்து பே ஏரியாவின் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழி இது. வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் வரச் சொல்லும் கம்பெனி என்றால் எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு நாள் என்றால் யோசிக்கலாம்.

பிரிமான்ட்டும் கடலோரம் என்று நம்பி வந்தால் ஏமாற்றம்தான். எங்கள் பக்கம் தண்ணீர் என்று கண்ணில் படுவது பக்கத்து ஊரான நூவர்க்கின் உப்புப் பாத்திகள். 2003இல் 15,100 ஏக்கரை அரசு வாங்கி மறுபடி சதுப்பு நிலமாக்கி வருகிறது, மிச்சத்தில் இன்னும் உப்பு எடுக்கிறார்கள். தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவன் உலகத்தின் மறுகோடிக்கு வந்து, மாதம் 3,350 கொடுத்து, உப்பளத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறேன். அப்பாவிடம் சொன்னால் சிரிக்கிறார்.

ஆகஸ்ட் 9

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார். அவர் மனைவியின் கம்பெனி அதே சம்பளத்துக்கு சான் மேட்டியோ கிளைக்கு மாற்றித் தருகிறதாம். வருவதாக முடிவு செய்துவிட்டார்கள். கேரி வீட்டை விற்றுவிடலாமா, எங்கே வாடகைக்குப் பார்ப்பது என்று கேட்கிறார்.

விற்காதீர்கள். 2.9% வட்டிக் கடன் இனி உங்களுக்குக் கிடைக்காது. வாடகைக்கு விடுங்கள். விற்கும் நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் அதில் குடியிருந்திருந்தால், தம்பதிக்கு 5 லட்சம் டாலர் வரை லாபத்துக்கு மத்திய வரி கிடையாது. வாடகைக்கு விட்ட காலத்துத் தேய்மானக் கழிவுக்கு மட்டும் வரி உண்டு. நீங்கள் நான்கு வருடம் இருந்துவிட்டீர்கள், அதனால் கிளம்பிய நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம். அதற்குள் இந்த ஊர் பிடிக்கிறதா, புதுக் கம்பெனி கிரீன் கார்டு வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்கி முடித்ததா என்று தெரிந்துவிடும். திரும்பிப் போக வீடும் இருக்கும்.

எங்கே என்பதற்கு: உங்களுக்கு சான்டா கிளாரா, மனைவிக்கு சான் மேட்டியோ. பிரிமான்ட் விரிகுடாவின் மறுகரை, பாலம் தாண்டாதீர்கள். சன்னிவேல், மவுன்டன் வியூ பக்கம் பாருங்கள், பிரிமான்ட்டைவிட வாடகை கூடத்தான். ஆனால் டம்பார்டன், சான் மேட்டியோ இரண்டு பாலத்திலும் கடல் பக்கம் போகும்போது சுங்கம், 2025இல் 8 டாலர், திரும்பும்போது இலவசம். என் மனைவி ஆபீஸ் போகும் ஒவ்வொரு காலையும் கட்டுகிறார். பணத்தைவிட அந்தப் பாலத்தில் நிற்கும் நேரம் அதிகம் வலிக்கும்.

கட்டடம் கட்டி 15 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆகியிருந்தால் பெரும்பாலான அப்பார்ட்மென்ட்களில் வருடாந்திர வாடகை உயர்வு 5% கூட்டல் விலைவாசி, எப்படியும் 10%க்கு மேல் போகக்கூடாது என்று 2019 சட்டம் இருக்கிறது. தனி ஆள் சொந்தமாக வைத்திருக்கும் தனி வீடுகளுக்கு இது பொருந்தாது, பக்கத்திலேயே அழகான தனி வீடு கிடைத்தாலும் இதை நினைவில் வையுங்கள். அப்புறம், பழைய கட்டடங்கள் பலவற்றில் ஏசி கிடையாது. ‘இங்கே தேவைப்படாது’ என்பார்கள். செப்டம்பரில் தேவைப்படும்.

முன்பணமும் முதல் மாத வாடகையும் தயாராக வைத்துக்கொண்டு, வீடு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்று பள்ளி மாவட்டத்தின் வலைத்தளத்தில் முகவரி போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஏஜென்ட் சொல்லும் பள்ளிக்கூடத்தை நம்ப வேண்டாம்.